எதிர் என்னும் குறி

குற்றாலச் சாரலில் நனையும் நாட்களில், 1446-ஆம் ஆண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டத் தொடங்கிய தென்காசி விசுவநாதர் கோயிலுக்கும் செல்வது என் வழக்கம்.

பாண்டியர் கல்வெட்டுக்களை நான் முதன்முதல் படித்தபோது ஒரு சொல் என்னைத் தடுத்து நிறுத்திற்று. 'இரண்டாவதின் எதிர் ஐந்தாவது' என்பது போல் ஆட்சியாண்டைப் பொறித்திருப்பர். எதிர் என்றதும் கழித்தல் என எண்ணி, மூன்றாம் ஆண்டு எனக் குறித்தேன். தவறு! இரண்டையும் கூட்டி, ஏழாம் ஆண்டு என்றே அறிஞர் கொள்வர். நான்கு ஆண்டுகள் பிசகினால், ஒரு கொடையின் காலமும் பிசகும்; அதன்மேல் எழுப்பும் வரலாறும் பிசகும்.

இன்று கணினியில் நீங்கள் கையாளும் எக்செல் விரிதாளிலும் இத்தகைய விந்தைக் குறிகள் உண்டு. சூத்திரத்தில் இரு கட்டத்தொகுதிகளுக்கு நடுவே விட்ட இடைவெளி வெற்றிடமன்று. இரண்டுக்கும் பொதுவான கட்டங்களை மட்டும் எடுத்துத் தரும் குறியாகும். அறியாது இடைவெளி விட்டவர் விடை தவறிற்றே எனத் திகைப்பர்.

குறி தானாகப் பொருள் தருவதில்லை. வழங்கியோர் மரபே அதற்குப் பொருள் தருகிறது. ஆதலின், கணக்கிடுமுன் அம்மரபை அறிந்து கொள்ளுங்கள்.