இளமையின் விலை

சுக்கிராசாரியாரின் சாபத்தால் முதுமையெய்திய யயாதி மன்னன் தன் மகன் பூருவிடம் இளமையைக் கேட்டுப் பெற்ற கதையை நாம் அறிவோம். நரை, திரை, மூப்பு ஆகியவற்றை வெல்லக் காயகற்பம் தேடிய சித்தர்களையும் நாம் அறிவோம். மூப்பை வெல்லும் ஆசை மிகப் பழையது. ஆயினும் யயாதி கதையிலே தனியானதோர் உண்மை பொதிந்திருக்கின்றது: ஒருவன் இழந்த இளமையை மீளப் பெறுவதற்கு வேறொருவன் விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஓமோன் மருந்துகளின் வரலாற்றை நோக்குமிடத்து அப்பழங்கதை மீண்டும் மீண்டும் நம் நினைவுக்கு வருகின்றது. இம்மருந்துகள் வெறும் ஏமாற்று அல்ல. அவற்றால் விளையும் நன்மை மெய்யானது. ஆனால் நன்மை யாருக்கு, எவ்வளவு, எத்தீங்குக்கு ஈடாக என்னும் கேள்விகளை விற்பனை முந்திக்கொண்டது. விடை பல்லாண்டுகள் பிந்தியே வந்தது. அந்த இடைக்காலத்தின் விலையைச் செலுத்தியவர் யார் என்பதே நாம் ஈண்டு ஆராய விழைவது.

1889ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதி பாரிஸ் நகரத்து உயிரியற் சங்கத்திலே பிரௌன் செக்கார் என்னும் உடற்றொழிலியல் அறிஞர் வியத்தகு செய்தியொன்றை வெளியிட்டார். மொரீசியசுத் தீவிலே பிறந்த அவருக்கு அப்போது வயது 72. நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளைப் பிழிந்தெடுத்த சாற்றைத் தம் உடலில் ஊசி மூலம் ஏற்றியதாகவும், இழந்த வலிமை திரும்பியதாகவும் அவர் கூறினார். சில மாதங்களுள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தகைய சாறுகளை விற்போர் தோன்றினர். விதைகளின் ஓமோன் நீரிலே எளிதிற் கரையாதது. 2002இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் சிலர் அவரது முறைப்படியே சாறெடுத்துச் சோதித்தபோது, உடலில் எந்த விளைவையும் உண்டாக்கப் போதாத அளவே அதிலிருந்தது. முதியவருக்கு வலிமை தந்தது மருந்தன்று, நம்பிக்கையே.

எனினும் அவருடைய அடிப்படைக் கருத்துப் பிழையன்று. சுரப்பிகள் குருதியிலே கலக்கும் பொருள்கள் உடலை இயக்குகின்றன என்பது மெய். 1891இல் இங்கிலாந்திலே ஜோர்ஜ் மறி என்னும் வைத்தியர், தைரொயிட்டுச் சுரப்பி செயலிழந்த பெண்ணொருத்திக்குச் செம்மறியாட்டின் சுரப்பிச் சாற்றைக் கொடுத்தார். அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1905இல் ஸ்ராலிங் என்னும் அறிஞர் ‘ஓமோன்’ என்ற சொல்லை வழங்கினார். 1922இல் இன்சுலின் நீரிழிவு நோயாளரைச் சாவின் வாயிலிலிருந்து மீட்டது. இவை விஞ்ஞானத்தின் மாபெரும் வெற்றிகள். ஆனால் நோயால் ஒரு சுரப்பி கெடுவது வேறு. வயதேற ஏற எல்லா மனிதருக்கும் நேரும் மாற்றம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதிலேதான் வணிகத்தின் சாமர்த்தியம் இருந்தது.

முதலாம் உலகப் போரின் பின் இளமை வணிகம் பெருகிற்று. வியன்னாவிலே ஸ்ரைனாக் என்பார் விந்துக் குழாயைக் கட்டினால் இளமை மீளும் என்றார். 1923இல் சிக்மண்ட் புரொய்டும், 1934இல் கவிஞர் யேற்சும் அச்சிகிச்சையைச் செய்துகொண்டனர். 1920 முதல் பாரிசிலே வொரொனொவ் என்பார் குரங்கின் விதைத் துண்டுகளைச் செல்வந்தரின் உடலிற் பொருத்தினார். இத்தாலியக் கடற்கரையிலே இதற்கெனக் குரங்குப் பண்ணையும் அமைத்தார். கலிபோர்னியாவின் சான் குவென்ரின் சிறைச்சாலையிலோ 1918 முதல் சிறை வைத்தியர் லியோ ஸ்ரான்லி, தூக்கிலிடப்பட்டோரின் விதைகளை எடுத்து வேறு கைதிகளுக்குப் பொருத்தினார். பின்னர் விலங்குகளின் சுரப்பிகளும் நூற்றுக்கணக்கான கைதிகளின் உடலிற் செலுத்தப்பட்டன. பாரிசிலே செல்வந்தன் பணம் கொடுத்து வாங்கியவன்; சிறையிலே கைதி சோதனைப் பொருள். பூரு தன் இளமையைத் தானே மனமுவந்து கொடுத்தான். தூக்குமேடையில் மாண்டவனை யார் கேட்டார்?

1929இல் ஈஸ்திரோஜன் வகை ஓமோன் ஒன்று தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்டது, 1935இல் டெஸ்டொஸ்டெரோன். போலி வைத்தியத்தின் காலம் முடிந்து இரசாயனத்தின் காலம் தொடங்கியது. கருவுற்ற பெண்குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்திரோஜன் ‘பிறெமாரின்’ என்னும் பெயரில் 1942இல் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மாதவிடாய் நிற்குங் காலத்திலே உடல் திடீரெனக் கொதித்து வியர்ப்பதாலும் உறக்கமின்மையாலும் வருந்திய பெண்களுக்கு அது பெருந்துணையாயிற்று. இதை மறுப்பவர் நேர்மையற்றவர் ஆவர்.

ஆனால் துயர் தீர்ப்பதோடு சந்தை நிறைவடையவில்லை. 1966இல் நியூயோர்க் வைத்தியர் றொபேட் வில்சன் ‘என்றும் பெண்மை’ எனப் பொருள்படும் நூலொன்றை வெளியிட்டார். மாதவிடாய் நிற்பது இயற்கையன்று, அது ஒரு குறைபாட்டு நோய் என்பது அவர் வாதம். பெண் தன் ஆயுள் முழுவதும் இம்மருந்தை உண்ணவேண்டும். இன்றேல் அவள் பெண்மையையே இழப்பாள் என்ற அச்சம் விதைக்கப்பட்டது. அந்நூலுக்கான செலவை மருந்துக் கம்பனியே ஏற்றதென அவருடைய மகன் 2002இல் பத்திரிகைக்குக் கூறினார். மூப்பு நோயாக்கப்பட்டது. பெண்ணின் மதிப்பை அவளது இளமையால் அளக்கும் சமூகத்தின் குற்றம் அவள் உடலின் குறையாக மாற்றப்பட்டது.

1975 டிசம்பரிலே முதற் பேரிடி விழுந்தது. ஈஸ்திரோஜனை மட்டும் உட்கொண்ட பெண்களுக்குக் கருப்பையின் உட்சுவரிற் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்புப் பன்மடங்காகின்றது என இரு ஆய்வுகள் காட்டின: ஒன்றின்படி 4.5 மடங்கு, மற்றதன்படி 7.6 மடங்கு. மருந்தின் தீங்குகளை விளக்கும் அச்சிட்ட தாளொன்றை ஒவ்வொரு பெண்ணுக்கும் கொடுக்கவேண்டும் என 1977இல் அரசு விதித்தது. மருந்து உற்பத்தியாளர் சங்கம் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. தான் விழுங்கும் மருந்தைப் பற்றி அறியும் உரிமைக்காகக் கூடப் பெண்கள் அமைப்பாகத் திரண்டு போராட வேண்டியிருந்தது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

புரொஜெஸ்தரோன் வகை ஓமோனையும் சேர்த்துக் கொடுத்தால் கருப்பைப் புற்றுநோயைத் தவிர்க்கலாம் எனப் பின்னர் அறியப்பட்டது. விற்பனை மீண்டும் உயர்ந்தது. ஓமோன் உண்ணும் பெண்களுக்கு மாரடைப்புக் குறைவு என்ற கணிப்புகளும் வந்தன. ஆனால் அம்மருந்தை உண்டவர்கள் யார்? பெரும்பாலும் கல்வியும் வசதியும் உடையோர், வைத்தியரிடம் ஒழுங்காகச் செல்லக்கூடியோர், நல்லுணவு உண்போர். வர்க்க வசதி தந்த நலத்தின் ஒரு பகுதி மருந்தின் கணக்கிலே எழுதப்பட்டது. வறிய பெண்ணையும் வசதியுள்ள பெண்ணையும் ஒரே தராசில் நிறுக்காத கணக்கு இவ்வாறுதான் பிழைக்கும்.

உண்மையை அறிவதற்கு, குலுக்கல் முறையில் ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்க்கும் பெருஞ்சோதனை தேவைப்பட்டது. அது 1991இல் அமெரிக்க அரசின் பொதுப் பணத்திலே திட்டமிடப்பட்டது. மருந்து சந்தைக்கு வந்து அப்போது அரை நூற்றாண்டாகியிருந்தது. 50 முதல் 79 வரை வயதுடைய 16,608 பெண்கள் கூட்டு ஓமோன் சோதனையிற் பங்குகொண்டனர். 2002 ஜூலையிலே அது இடைநடுவில் நிறுத்தப்பட்டது. மருந்துண்ட 10,000 பெண்களை ஓராண்டு நோக்கினால், மற்றவர்களைவிட மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கும், பாரிசவாதம் 8 பேருக்கும், நுரையீரற் குருதியடைப்பு 8 பேருக்கும், இருதய நோய் 7 பேருக்கும் கூடுதலாக ஏற்பட்டன. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்கும், பெருங்குடற் புற்றுநோய் 6 பேருக்கும் குறைந்தன.

தனியொருத்திக்கு இந்த ஆபத்துச் சிறியதே. கோடிக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உண்ணும்போது அது சிறியதன்று. ஆயினும் இங்கு இன்னொரு தவறும் நேர்ந்தது. செய்தி கேட்டு அஞ்சிய பெண்களும் வைத்தியர்களும் மருந்தை அறவே கைவிட்டனர். உண்மையில் துன்புற்றவர்களுக்கும் நிவாரணம் மறுக்கப்பட்டது. சோதனைக்கு உட்பட்டோரின் சராசரி வயது 63 என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 60 வயதுக்கு முன், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள், தக்க காரணத்தோடு தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுட் பெரும்பாலோர்க்கு நன்மையே மிகும் என்பது பின்னைய ஆய்வுகளால் தெளிந்தது. அதேவேளை, வருங்கால நோய்களைத் தடுக்கவென எல்லோரும் அதை உண்ணல் தகாது என்பதும் உறுதியாயிற்று. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்து நிருவாகம் பழைய கடும் எச்சரிக்கைகளிற் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. பேராசையும் பேரச்சமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். காலத்தில் தேடப்படாத அறிவே அத்தாய்.

ஆண்களின் கதையும் வேறன்று. 1990இல் 12 முதியவருக்கு ஆறு மாதம் வளர்ச்சி ஓமோன் கொடுத்த சிற்றாய்வொன்றின்மேல் பெருவணிகமொன்று எழுப்பப்பட்டது. டெஸ்டொஸ்டெரோன் உண்மையான குறைபாடுடையோர்க்கு உதவும். அது மாரடைப்பைக் கூட்டவில்லை என 2023இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. ஆயினும் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைதலும் நுரையீரற் குருதியடைப்பும் எலும்பு முறிவும் அதனை எடுத்தோரிடையே மிகுந்திருந்தன. வயதால் வரும் இயல்பான தளர்ச்சிக்கு அதுவே மருந்தென விற்பது விஞ்ஞானமன்று.

சங்கப் புலவர் பிசிராந்தையாரை நோக்கி, ஆண்டு பல கழிந்தும் உமக்கு நரையில்லாதது எவ்வாறு என்று வினவினார்களாம். அவர் மூலிகை எதனையும் காட்டவில்லை. குணமிக்க மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், கருத்தறிந்து நடக்கும் ஏவலர், தீங்கு செய்யாத அரசன், சான்றோர் நிறைந்த ஊர் என்றே விடை பகர்ந்தார். மூப்பின் சுமை உடலிலே மட்டும் இல்லை, சமூகத்திலும் இருக்கின்றது என்பதை அவர் கண்டிருந்தார். உழைத்து ஓய்ந்தவருக்கு ஓய்வூதியமும் வைத்தியமும் மதிப்பும் இல்லாத இடத்திலே எந்த ஓமோனும் அவரை இளைஞராக்காது. நோய்க்கு மருந்து வேண்டும். அம்மருந்து நேர்மையாகச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் நன்மை தீமைகளை உண்பவரே அறிந்து தீர்மானிக்க வேண்டும். மூப்போ நோயன்று. போகத்தால் ஆசை அடங்காதென்று கண்ட யயாதி, ஈற்றில் இளமையை உரியவனிடமே திருப்பிக் கொடுத்தான். சந்தை அவ்வாறு எதனையும் தானாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. கேட்டுப் பெற வேண்டியது மக்களே.