உணவுப் பதப்படுத்தும் தொழிலுக்கு 35 சதவீத மானியம்: கடன் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விளைபொருளை அப்படியே விற்காமல் எண்ணெய், மாவு, வற்றல், ஊறுகாய் என மதிப்புக் கூட்டி விற்க நினைக்கும் விவசாயிகளுக்கு உதவ, மத்திய அரசு 2020-ம் ஆண்டு பி.எம்.எப்.எம்.இ. எனப்படும் பிரதமரின் உணவுப் பதப்படுத்தும் குறு நிறுவனங்கள் திட்டத்தைத் தொடங்கியது. இதற்கான நிதியை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன.

எவ்வளவு கிடைக்கும்?

தகுதியான திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் மானியம். குறைந்தது 10 சதவீதம் உங்கள் பங்கு. மீதி வங்கிக் கடன். நிலம் வாங்கும் செலவு திட்ட மதிப்பில் சேராது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே மானியம். உணவுப் பதப்படுத்தும் தொழில் செய்யும் மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கு, உறுப்பினர் ஒருவருக்கு ரூ.40 ஆயிரம் வரை தொடக்க நிதியும் உண்டு.

பணம் எப்போது வரும்?

பலர் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். இது பின்னேற்பு மானியம்; முன்பணமாகக் கைக்கு வராது. வங்கி கடன் வழங்கிய பிறகு, மானியத் தொகை அதே வங்கியில் உங்கள் பெயரில் தனிக் கணக்கில் வைக்கப்படும். கடைசித் தவணைக் கடன் வழங்கி 3 ஆண்டுகள் கழித்து, தொழில் நடந்துகொண்டும் கடன் கணக்கு வாராக் கடன் ஆகாமலும் இருந்தால்தான் அது உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும். இடையில் கணக்கு வாராக் கடனாகிவிட்டால், மானியத்தை வங்கி கடனுக்கு ஈடுகட்டிக்கொள்ளும். மீதிக் கடன் உங்கள் பொறுப்பு.

ஒரு கணக்கு

மரச்செக்கு அமைக்கும் திட்ட மதிப்பு ரூ.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

* உங்கள் பங்கு: ரூ.60 ஆயிரம்
* வங்கிக் கடன்: ரூ.5.40 லட்சம்
* மானியம்: ரூ.2.10 லட்சம்
* மானியம் கழித்து நீங்கள் கட்ட வேண்டிய கடன்: ரூ.3.30 லட்சம், அதோடு வட்டி

கடலை வரத்து சில மாதங்கள்தான். தவணையோ மாதந்தோறும் வரும். ஆண்டில் எத்தனை நாள் செக்கு ஓடும், சீசன் இல்லாதபோது கடலை எங்கிருந்து, என்ன விலைக்கு வரும், எண்ணெயை வாங்குபவர் யார் என்று முதலில் எழுதிப் பாருங்கள். சரக்கு வாங்க நடைமுறை மூலதனமும் தனியாக வேண்டும். மானியம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் வாங்கினால், கடனும் சேர்ந்து பெருகும்.

செய்ய வேண்டியவை

1. சரக்கு வரத்து, விற்பனைக் கணக்கைப் போட்டுவிட்டு அதற்கேற்ற இயந்திரத்தைத் தேர்வு செய்யவும்.
2. இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கவும்.
3. ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகம், இடத்துக்கான ஆவணம், திட்ட அறிக்கை ஆகியவற்றைத் தயார் செய்து இணையத்தில் விண்ணப்பிக்கவும்.
4. உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு ஆகியவற்றை முடிக்கவும். உத்யம் பதிவுக்கு அரசு இணையதளத்தில் கட்டணம் இல்லை.

செய்யக் கூடாதவை

* கடன் ஒப்புதலுக்கு முன் கந்துவட்டிக்கு வாங்கி இயந்திரம் இறக்காதீர்கள். இது வங்கிக் கடனோடு இணைந்த மானியம். கடன் இல்லாமல் வாங்கிய இயந்திரத்துக்கு மானியம் கேட்க முடியாது.
* "மானியம் வாங்கித் தருகிறேன்" என்று கமிஷன் கேட்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். திட்ட அறிக்கை, விண்ணப்பம், வங்கித் தொடர்பு ஆகியவற்றில் உதவ மாவட்ட வள அலுவலர் இருக்கிறார். அவருக்கான ஊதியத்தைத் திட்டமே தருகிறது.

இத்திட்டம் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. எனவே விண்ணப்பிக்கும் முன் திட்டம் இப்போது நடைமுறையில் உள்ளதா, உங்கள் மாவட்டத்துக்கு நிதி ஒதுக்கீடு உள்ளதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். பதப்படுத்தும் தொழில்நுட்பம், பயிற்சி குறித்த சந்தேகங்களுக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.