பறித்த கைகள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் பெற்றோர் பலர் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கேமரன் மலைக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். அங்கே ஸ்ட்ராபெரிப் பழங்களைப் பிள்ளைகள் தாமே பறித்து, எடைக்குப் பணம் கட்டலாம்.

1885-இல் அம்மலையை அளந்தவர் வில்லியம் கேமரன்; மலைக்கு அவர் பெயரே நிலைத்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கே உழைத்தோரில் தமிழர் மிகுதி. கொழுந்தையும் நிறுத்தார்கள், ஆனால், அந்த எடைக்குக் கூலி கிடைத்தது.

எங்கள் மாணவர் சுற்றுலாவில் உடன்வந்த பாட்டி ஒருவர் முன்னாள் கொழுந்து பறிப்பாளர். "பறிக்கிறதுக்கு நாமளா காசு கொடுக்கணும்?" என்றார். பிள்ளைகள் சிரித்தனர். "நீங்க ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பறிப்பீங்க பாட்டி?" என்றான் ஒருவன். பேருந்து தாப்பாவை அடையும்வரை பாட்டி பேசிக்கொண்டே வந்தார்.