போயிங் 747-400

போயிங் 747 வரிசையில் நெடுந்தொலைவுக்கென மெருகேறிய வகை. முதலில் பறந்தது 1988 ஏப்ரல் 29இல். இறக்கை நீண்டது, அதன் நுனி மேல்நோக்கி நிமிர்ந்தது, வால் பகுதியிலும் எரிபொருள் தொட்டி வந்தது; சுமார் 13,400 கி.மீ. பறக்க முடிந்தது. பறப்புப் பொறியாளர் இல்லாமல் இரு விமானிகளே போதும் என்பது விமான நிறுவனங்களுக்குப் பெரிய ஆதாயம். மலேசியா ஏர்லைன்ஸ் இதைக் கோலாலம்பூர்–லண்டன் தடத்தில் (சுமார் 10,600 கி.மீ.) ஓட்டியது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள ஈப்போ விமான நிலையத்தின் ஓடுதளம் இதற்குப் போதாது. அதனால் பேராக் பயணிகள் சூபாங் விமான நிலையத்துக்கும், 1998 முதல் சிப்பாங் விமான நிலையத்துக்கும் போய்த்தான் ஏறினார்கள்.

பேராக்கின் ரப்பர் வரலாறு இந்த விமானத்தின் சக்கரங்களைத் தொடுகிறது. தரைதொடும் கணத்தின் வெப்பத்தையும் அதிர்ச்சியையும் தாங்க, பெரிய விமான டயர்களுக்கு இயற்கை ரப்பரே முதன்மைப் பொருள். 747-400க்கு அப்படி 18 டயர்கள். மலாயாவின் தொடக்ககால ரப்பர் கன்றுகள் 1877இல் நடப்பட்டது பேராக்கின் கோலகங்சாரில். விமானத்துக்கே திரும்பினால், பயணிகள் சேவையிலிருந்து விலகிய பல 747-400கள் பின்னர் சரக்கு விமானங்களாக மாற்றப்பட்டன.