ஒற்றைக் கருவும் இரட்டைக் கருவும்

1972இல் இன்டெல் நிறுவனம் பினாங்கில் தொழிற்சாலை அமைத்த நாள்தொட்டு, கணினியின் மூளையாகிய செயலி நம் நாட்டிற்கு அயற்பொருளன்று. மேசைக் கணினிச் செயலிகள் பல்லாண்டுக் காலம், கணக்கிடும் உறுப்பாகிய கரு ஒன்றனைக் கொண்டே விரைவு கூடி வளர்ந்தன. 2004இல் அவ்விரைவு 3.8 கிகாஹெர்ட்சை எட்டியது. மேலும் கூட்ட முனைந்தபோது வெப்பமும் மின்செலவும் குறுக்கிட்டன. 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தை இன்டெல் அவ்வாண்டே கைவிட்டது. 2001இல் ஐ.பி.எம். நிறுவனம் பவர்4 செயலியில் காட்டிய வழியை, 2005இல் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் மேசைக் கணினிக்குக் கொணர்ந்தன. ஒரே சில்லில் இரு கருக்கள் அமைந்தன.

கரு இரண்டாயின் விரைவும் இரட்டிக்குமோ? செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி மூட்டைகளை ஒருவருக்கு இருவராக இறக்கினால் நேரம் பாதியாகும். தராசு ஒன்றேயாயின், இறக்கிய மூட்டைகள் அங்கே காத்துக் கிடக்கும். ஜீன் அம்டால் 1967இல் உணர்த்திய உண்மையும் இதுவே. ஒரு மணி நேர வேலையில் பாதியே பகிரத்தக்கதெனின், இரு கருக்கள் அதனை முடிக்க 45 நிமிடம் ஆகும். 30 நிமிடம் அன்று. பகிரவே இயலாத வேலையில் விரைவுமிக்க ஒற்றைக் கரு முந்துவதும் உண்டு.

ஆகவே, பெற்றோர் தந்த பொருளால் பள்ளிக்குக் கணினி வாங்கும் ஆசிரியர், கருக்களை எண்ணுமுன் வேலையின் இயல்பை எண்ணிப் பார்த்தல் கடனாகும்.