அரிப்புக் காவல் மாளிகையும் மாத்தளைப் பாதையும்

மலைகள் சூழ்ந்த மாத்தளையிலே வாழும் நமக்குக் கடற்கரையைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் நம்மில் மிகப் பலருடைய முன்னோர் இந்நாட்டு மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்த இடம் மலையன்று, மன்னார்க் கரையே. அக்கரையின் துறைகளுள் ஒன்று அரிப்பு. அங்கே கடலைப் பார்த்தபடி இடிந்து நிற்கிறது ஒரு பழைய காவல் மாளிகை. அதன் வரலாற்றையும் அதனை அடுத்துள்ள காட்சிகளையும் அறிவது நம் குடும்பச் சரித்திரத்தின் முதல் ஏட்டைப் புரட்டுவதற்கு ஒப்பாகும்.

டொறிக் மாளிகை

பிரித்தானிய முடியின் சார்பில் இலங்கையை ஆண்ட முதலாவது தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் என்பவர். 1798 முதல் 1805 வரை அவர் ஆட்சி செய்தார். அவர் காலத்திலே, 1801க்கும் 1804க்கும் இடையில், இம்மாளிகை எழுந்தது. பண்டைக் கிரேக்கரின் டொறிக் முறையிலே தூண்கள் அமைத்தமையால் இதற்கு டொறிக் மாளிகை என்னும் பெயர் வந்தது. செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் இரண்டு மாடியாகக் கட்டப்பட்ட இது, கடலோரத்து மேட்டின் விளிம்பிலே நின்றது. மேல்மாடியில் நின்று மேற்கே நோக்கினால் முத்துச் சிப்பி விளையும் பார்கள் உள்ள கடற்பரப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். சலாபம் நடைபெறும் நாள்களில் தேசாதிபதி தங்குவதற்கும், குளிப்பைக் கண்காணிப்பதற்குமே இதனைக் கட்டினார்கள். ஊர் மக்களோ இதனை அல்லிராணி கோட்டை என்று அழைப்பர். நம் நாட்டுக் கூத்துகளில் வரும் அல்லியரசாணி இக்கரையை ஆண்டாள் என்பது செவிவழிக் கதை.

சலாபம் என்பது என்ன என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனி மாதங்களிலே, ஆளற்ற அக்கரையில் ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டினமே எழும். யாழ்ப்பாணம், கீழக்கரை, தூத்துக்குடி முதலிய இடங்களிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குளிகாரர் வருவர். நள்ளிரவில் பீரங்கி முழங்கத் தோணிகள் நிலக்காற்றிலே புறப்படும். குளிகாரன் காலிலே கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கி, மூச்சு அடங்கியிருக்கும் ஒரு நிமிட நேரத்திற்குள் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலே வருவான். கரை சேர்ந்த சிப்பியை எண்ணி அரசாங்கத்தின் பங்கைப் பிரித்துக்கொள்வார்கள். 1905இல் பெருஞ் சலாபம் ஒன்று நடந்தது. மறு ஆண்டு பார்களை ஒரு கம்பெனிக்குக் குத்தகையாகக் கொடுத்தனர். அதன்பின் சிப்பி அருகிற்று, கம்பெனியும் நட்டமடைந்தது.

அண்டையிலுள்ள காட்சிகள்

மாளிகைக்கு வடக்கே, அரிப்பு ஊரிலே, போர்த்துக்கேயர் கட்டிய சிறு கோட்டை ஒன்று உண்டு. 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. 1660இல் கொட்டியாரத்திலே சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1679இல் தோழர் ஒருவருடன் தப்பி, மல்வத்து ஓயாவின் கரை வழியே காடு கடந்து வந்து சேர்ந்த இடம் இக்கோட்டையே. அனுராதபுரத்தைத் தொட்டுவரும் அந்த ஆற்றைத்தான் மன்னார் மக்கள் அருவியாறு என்கின்றனர். அது அரிப்புக்கு அருகிலே கடலோடு கலக்கிறது.

தெற்கே வில்பத்துக் காட்டின் கடற்கோடியில் இருப்பது குதிரைமலை. கிளோடியஸ் மன்னன் காலத்திலே உரோமாபுரிக் கப்பல் ஒன்று காற்றில் அடிபட்டு இலங்கையில் கரை சேர்ந்த துறையின் பெயரைப் பிளினி என்பார் குறித்துள்ளார். அப்பெயரிலே குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இருப்பதால் அத்துறை குதிரைமலையே என அறிஞர் சிலர் கருதுவர்.

வடக்கே மாதோட்டத்தில், பாலாவிக் கரையிலே, திருக்கேதீச்சரம் விளங்குகின்றது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் இது. போர்த்துக்கேயர் கையில் அழிந்து மண்மூடிக் கிடந்த இத்தலத்தை மீட்டெடுக்க வேண்டுமென்று 1872இல் ஆறுமுக நாவலர் சைவமக்களுக்கு எடுத்துரைத்தார். அவர் இட்ட வித்தே பிற்காலத்தில் திருப்பணியாக வளர்ந்தது.

மாளிகை காணாத மக்கள்

இனி நம் கதைக்கு வருவோம். 1830ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலே மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. வேலைக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். பஞ்சத்தாலும் கடனாலும் வாடிய தென்னிந்தியக் குடிகள் கங்காணிமாரோடு புறப்பட்டு, தோணிகளில் நெருக்குண்டு, தலைமன்னார், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை ஆகிய துறைகளில் வந்திறங்கினார்கள். அப்போது டொறிக் மாளிகை அங்கே நின்றுகொண்டிருந்தது. அந்த மாளிகையைத் தம் காலத்திற்கென எழுப்பியவர் எவராயினும், கரையேறிய இம்மக்களுக்கு அதனால் நிழலுமில்லை, நீருமில்லை.

கரையிலிருந்து அவர்கள் நடந்தார்கள். வறண்ட காடு, யானையும் கரடியும் சிறுத்தையும் திரியும் பாதை. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என நூற்றுமுப்பது மைலுக்குக் குறையாத நடை. குடிக்கக் கிடைத்தது குளத்துச் சேற்று நீர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழியெல்லாம் காத்திருந்தன. நோயுற்று விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர் நடக்க நேர்ந்தது. துறையில் வந்திறங்கியோர் தொகையை அதிகாரிகள் எழுதி வைத்தனர்; வழியில் மாண்டோர் பெயரை எழுதி வைத்தார் இல்லை. 1841 தொடங்கிய சில ஆண்டுகளில் மாத்திரம் எழுபதினாயிரம் பேர் இறந்தனர் என்று கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1849இல் எழுதிற்று. அத்தொகையை ஆராய்ச்சியாளர் அனைவரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆயினும் அப்பாதை பல்லாயிரவரைப் பலிகொண்டது என்பதை மறுப்பார் இல்லை.

இந்த நெடுநடையின் வாயில்தான் நமது மாத்தளை. இங்கு வந்து சேர்ந்தோர் உயிர் தப்பினோம் என்று மூச்சுவிட்டனர். இங்கிருந்தே பலர் கண்டி முதலிய மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து சென்றனர். வழியில் அம்மைக்கும் பேதிக்கும் அஞ்சியவர்கள் முதலில் மாரியம்மனை நினைத்ததில் வியப்பென்ன? 1874இல் கட்டப்பெற்ற ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலும், மாசி மகத்தில் வீதியுலா வரும் ஐந்து தேர்களும் நமக்கு வெறும் திருவிழாக் காட்சியாக மட்டும் தோன்றலாகாது. 1983இல் தீக்கும் அழிவுக்கும் ஆளாகி மீண்டும் எழுந்த கோயில் அது. தேர்வடத்தைப் பற்றும் கைகள், காட்டுவழி நடந்த கால்களின் வழிவந்தவை.

செய்ய வேண்டுவது

டொறிக் மாளிகையை இன்று கடல் அரித்து வருகின்றது. மேடு சரியச் சரியச் சுவர்கள் விழுகின்றன. உள்நாட்டுப் போர்க்காலத்தில் எளிதில் அணுகமுடியாதிருந்த அவ்விடத்துக்கு 2009க்குப் பின் மக்கள் சென்றுவருகின்றனர். அதனைக் காத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தேசாதிபதியின் மாளிகைக்குச் சுவராவது எஞ்சியிருக்கிறது. நம் முன்னோர் நடந்ததற்குச் சான்று பெரும்பாலும் முதியோர் நெஞ்சிலே மாத்திரம் இருக்கிறது. அச்சுவடு கல்லைவிட விரைவில் அழியும்.

2023இல், மலையக மக்கள் வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நிகழ்ந்தது. ஜூலை இறுதியில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் நாள் நம் ஊரிலே அது நிறைவுற்றது. வழியிலே பல இனத்தவரும் பல சமயத்தவரும் அதிலே கலந்துகொண்டனர். முன்னோர் அஞ்சி நடந்த பாதையிலே பிள்ளைகள் நிமிர்ந்து நடந்தனர்.

இளைஞர்களே! அந்நடையோடு கடமை முடிந்ததென்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் சென்று அமருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தத் துறையில் இறங்கினோம், வழியில் யாரை இழந்தோம், முதலில் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தோம் என்று கேட்டு ஒரு கொப்பியிலே எழுதிவையுங்கள். பெரியோர்களே! பிள்ளைகள் கேட்கும்போது, பழங்கதை எதற்கு என்று தட்டிக்கழிக்காதீர்கள். வாய்ப்புக் கிட்டும்போது சங்கத்தார் ஒன்றுகூடித் திருக்கேதீச்சர நாதரைத் தரிசித்து, அப்படியே அரிப்புக்கும் சென்று வருதல் நன்று. இடிந்த அம்மாளிகையின் அருகே நின்று கடலை நோக்கும்போது, முத்தெடுக்க வந்தவரை மாத்திரமன்றி, கைப்பிள்ளையோடு கரையேறி, முகம் அறியாத மலையை நோக்கி நடந்தவரையும் நினைத்து ஒரு கணம் தலைவணங்குவோமாக.