தோலிலிருந்து தேசப்படத்துக்கு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தோளில் வெளிறிய படை. அரிப்பில்லை, நோவில்லை, தொட்டாலும் உணர்வில்லை. தேமல்தானே என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார். பிறகு தோல் கிளினிக்கில் தொழுநோய் என்று உறுதியாகி, பெயரும் விலாசமும் பதிவாகின்றன.

ஒல்லாந்தர் காலத்தில் ஆளையே அனுப்பிவிடுவார்கள். களனி கங்கைக்கு அப்பால் ஹெந்தளையில் 1708இல் அவர்கள் நிறுவிய தொழுநோய் மருத்துவமனையோடு எல்லாம் முடிந்துவிடும். இன்று ஆள் வீட்டிலேயே இருந்து, இலவசமாகக் கிடைக்கும் கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஒரு வருடமோ எடுக்கிறார். விலாசம்தான் புறப்பட்டுப் போய்த் தேசப்படத்தில் புள்ளியாகிறது.

ஒரு புள்ளியை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. சிறிய கிராம அலுவலர் பிரிவில் ஒரு நோயாளி கூடினாலே விகிதம் எகிறிவிடும். அதனால் அயல் பிரிவுகளின் கணக்கையும் சேர்த்துச் சமன்செய்கிறார்கள். மார்ட்டின் குல்டோர்ஃப் 1997இல் விளக்கிய முறை இன்னொன்று. படத்தின்மேல் சிறிதும் பெரிதுமாக வட்டங்களை நகர்த்தி, உள்ளே உள்ள எண்ணிக்கையை வெளியோடு ஒப்பிடுவார்கள். மக்கள்தொகைக்கு ஏற்ப நோயாளிகளைக் கணினி 999 தடவை எழுந்தமானமாகப் பரப்பியும் அப்படியொரு குவியல் அரிதாகவே வந்தால், அந்த இடத்தைத் தேடிப் போகவேண்டும்.

போகுமுன் நிதானம் வேண்டும். கிருமி சராசரியாக ஐந்து வருடம், சிலரில் இருபது வருடம்கூடப் பதுங்கியிருக்கும். அதற்குள் அவர் எத்தனை வாடகை வீடு மாறினாரோ! புள்ளிக்குத் தெரிவது நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது அவர் குடியிருந்த வீடு மட்டும். புள்ளியே விழாத பகுதியும் யாரும் தேடிப்பார்க்காத பகுதியாக இருக்கலாம். பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற இலக்கை இலங்கை 1995இலேயே எட்டியது. அது நாடு முழுவதற்குமான சராசரி. அதன் பிறகும் பல வருடங்கள், ஆண்டுக்குச் சுமார் 2000 பேர் புதிதாகக் கண்டறியப்பட்டார்கள். குவியல்களைச் சராசரி மறைத்துவிடும் என்பதால்தான் இந்தப் படத்தை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

ஆனால் ஒடுங்கிய ஒழுங்கைகளில் சரியான இடத்தில் குத்திய புள்ளி வீட்டையே காட்டிக்கொடுத்துவிடும். அயலுக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த நோயாளி கிளினிக் பக்கமே வரமாட்டார். வெளியே காட்டும் படத்தில் புள்ளியைச் சற்று நகர்த்தத்தான் வேண்டும். சரியான விலாசம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இருந்தால் போதும். வீட்டாரின் தோலைப் பரிசோதித்து, நோயில்லாதவர்களுக்கு ஒரேயொரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கலாம். வங்காளதேச ஆய்வொன்றில் அந்த ஒரு வேளை மருந்து, முதல் இரண்டு வருடங்களில் நோய் வரும் ஆபத்தை 57 சதவீதம் குறைத்தது.